‘எஸ்’ தட்டினால் பேசும்!

பார்வையற்றோர் தம் கையாலேயே கணினிக்கு இயங்குதளம் போட வழி பிறந்த கதை

பென் டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினால் சில நொடிகளில் ‘பீப்’ என்று ஓர் ஒலி வரும். திரையில் பட்டியல் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ‘எஸ்’ எழுத்தைத் தட்டி என்டரை அழுத்த வேண்டும். கொஞ்சம் பொறுத்தால், தட்டையான இயந்திரக் குரல் ஒன்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும். எந்த மொழி, எந்த நாடு, விசைப்பலகை எந்த வகை, வன்வட்டில் எந்தப் பகுதியை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். விடைகளுக்கெல்லாம் வரிசை எண் உண்டு. வேண்டிய எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் அடுத்த கேள்வி வரும். எல்லாம் முடிந்து கணினி மறுபடி எழும்போதும் அந்தக் குரல் கூடவே இருக்கும். மானிட்டரே இல்லாத கணினியிலும் இதைச் செய்து முடிக்கலாம்.

இது டெபியன். உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச லினக்ஸ் இயங்குதளம். 2013 மே மாதம் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில்தான், தனிக் கருவி எதுவுமின்றிக் குரலை மட்டும் நம்பி இயங்குதளத்தை நிறுவும் வசதி முதன்முதலாகச் சேர்ந்தது. பிரெய்ல் கருவி வைத்திருப்பவர்களுக்கு அதற்கு முன்பே வழி இருந்தது. கருவி வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் அந்த மே மாதத்தில் வழி திறந்தது.

பார்வையுள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ‘ஓ.எஸ். போடுவது’ சர்வீஸ் கடைக்காரர் வேலைதானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

கடைக்குப் போகும் கணினி

கணினி மெதுவாகிவிட்டால் நம் ஊரில் முதலில் வரும் யோசனை, “ஃபார்மட் போட்டுடலாம்.” தெருமுனைக் கடையில் கொடுத்தால் மாலைக்குள் கிடைத்துவிடும். கொடுப்பவருக்குப் பார்வை இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். டி டிரைவைத் தொடாதீர்கள் என்று சொல்லி, தொடவில்லை என்பதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ளலாம்.

பார்வையற்றவர் கொடுக்கும்போது பீரோ சாவியைக் கொடுப்பது போலத்தான் கொடுக்கிறார். கடவுச்சொல்லும் கடைக்காரருக்குத் தெரியும். போட்ட விண்டோஸ் அசலா திருட்டுப் பிரதியா என்பது தெரியாது. ஆய்வேடும் குடும்பப் படங்களும் பத்திரமா என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதிலும் ஒரு கொடுமை உண்டு. புதிதாக நிறுவிய கணினியில் ஒலிக்கான டிரைவர் விட்டுப்போயிருந்தால் கணினி ஊமையாகவே வீடு திரும்பும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நிறுவ மறந்திருந்தாலும் அதே கதி. பார்வையுள்ளவர் ‘பாட்டுக் கேட்கவில்லை’ என்று முணுமுணுக்கும் குறை, பார்வையற்றவருக்குத் திரை முழுவதும் இருண்டுபோவதற்குச் சமம். யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் வங்கி அலுவலர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், நிரலாளர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் அவர்களுக்கு வேலையும் படிப்பும் தந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் உருவாக்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, கரன் அதைத் தொடங்கியது 2006இல். ஆனால் அது விண்டோஸ் எழுந்து நின்ற பிறகு அதன்மேல் ஓடும் மென்பொருள். விண்டோஸே இல்லாத கணினியில் அதற்கு வேலை இல்லை. கணினியைப் பயன்படுத்தும் சுதந்திரம் வந்துவிட்டது, அதைச் சொந்தமாக வைத்துப் பராமரிக்கும் சுதந்திரம் வரவில்லை என்பதுதான் நீண்ட காலம் நிலைமை.

கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயம்

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது, தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸ். புதிய கணினிகளில் அதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. இருக்கிறது. அது வன்பொருளைச் சரிபார்த்து, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்து, பூட்லோடரிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது. பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் எழுந்து ஒவ்வொரு வன்பொருளுக்கும் உரிய டிரைவரைத் தேடி எடுக்கிறது. குரல் வர வேண்டுமானால் ஒலிச் சிப்புக்கான டிரைவர் கிடைத்து, எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் ஏறி, திரையில் உள்ளதை எடுத்து அதற்கு ஊட்டும் ஸ்கிரீன் ரீடரும் இயங்க வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மௌனம்தான்.

திரைக்கு இத்தனை பாடில்லை. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. நெறியைப் பின்னால் வந்த கிராபிக்ஸ் சிப்புகள் எல்லாம் பின்பற்றின. அதனால் எந்த நிறுவனத்தின் சிப்பாக இருந்தாலும், டிரைவர் இல்லாமலே அடிப்படை எழுத்துகளைத் திரையில் காட்டிவிட முடிந்தது. இன்றைய யு.இ.எஃப்.ஐ.யிலும் திரைக்கென்று ஒரு பொது நெறி இருக்கிறது. ஒலிக்கு அப்படி எதுவும் ஏற்படவே இல்லை. கணினியை வடிவமைத்தவர்கள் ‘அவசரத்துக்குத் திரை வேண்டும்’ என்று நினைத்தார்கள். அவசரத்துக்குக் குரல் வேண்டியவர்களும் உண்டு என்ற நினைப்பு அவர்களுக்கு வரவில்லை. ஒலி என்றால் பாட்டு, விளையாட்டு, பொழுதுபோக்கு என்றே கணக்குப் போட்டார்கள். பார்வையற்றவர் நாற்பது ஆண்டுகளாகப் படும் பாட்டில் பெரும்பகுதி அந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பது என் முடிவு.

போதாக்குறைக்குச் சின்னச் சின்ன இடைஞ்சல்கள். லினக்ஸில் ஒலி அட்டையின் அளவு வெகுகாலம் தொடக்கத்தில் பூஜ்யத்திலேயே இருந்தது. டிரைவர், மென்பொருள் எல்லாம் சரியாக இருந்தும் யாராவது ஒலியைக் கூட்டிவைத்தால்தான் கேட்கும். இன்றைய கணினிகளில் ஒலிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன: உள்ளிருக்கும் ஸ்பீக்கர், ஹெட்போன் துளை, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே மானிட்டர். குரல் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

டெபியன்காரர்கள் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் தென்பட்டால், நிறுவும் மென்பொருள் ஒவ்வொன்றிலும் முறைவைத்துப் பேசிப் பார்க்கிறது. குரல் கேட்டால் என்டரை அழுத்துங்கள் என்கிறது. கேட்காத அட்டையில் பேசியது கேட்காது. கேட்கும் அட்டையில் பேசும்போது என்டர் விழும். கேட்பவரின் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தவருக்குத்தான் இது தோன்றும். பட்டியலில் எதையும் அழுத்தாமல் சற்று நேரம் விட்டால் தானாகவே குரல் நிறுவலுக்குப் போய்விடும் ஏற்பாடும் அப்படித்தான் வந்தது. ‘பீப்’ ஒலி எழுப்பும் ஸ்பீக்கரே இல்லாத மடிக்கணினிகள் பெருகிவிட்ட காலத்தில் அந்த ஏற்பாடு பலருக்குக் கைகொடுக்கிறது.

சீரியல் போர்ட்டில் வந்த முதல் குரல்

மென்பொருளே பேசத் தொடங்குவதற்கு முன் பேச்சுக்கென்று தனிப் பெட்டிகள் இருந்தன. எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர் டென்னிஸ் கிளாட்டின் உழைப்பை அடித்தளமாகக் கொண்டு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட டெக்டாக் அவற்றில் புகழ்பெற்றது. கணினியின் பின்புறமுள்ள சீரியல் போர்ட்டில் இணைத்து எழுத்தை அனுப்பினால் அந்தப் பெட்டியே பேசும். விலை அதிகம்தான். ஆனால் ஒலி அட்டையும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். சீரியல் போர்ட்டை இயக்குவது கெர்னலுக்கு எளிய வேலை. அது விழித்த உடனேயே பேசலாம்.

இந்த வசதியைப் பிடித்துக்கொண்டவர் கனடாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் கிர்க் ரைசர். 1990களின் பிற்பகுதியில் அவர் எழுதத் தொடங்கிய ஸ்பீக்அப், லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஸ்கிரீன் ரீடர். கெர்னல் எழும்போது திரையில் ஓடும் முதல் வரிகளையே வாசித்துவிடும். எண்விசைகளை வைத்து முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி என்று திரையைத் துழாவலாம். ஸ்லாக்வேர் என்ற பழம்பெரும் லினக்ஸ், ஸ்பீக்அப் சேர்த்த கெர்னலைத் தன் நிறுவல் வட்டிலேயே வைத்து வழங்கியது. யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல் ஓர் இயங்குதளத்தை முழுவதும் நிறுவிய முதல் தலைமுறையினரில் பலர் இப்படி வந்தவர்கள்.

பிரெய்ல் பக்கம் இன்னொரு முயற்சி. 1995இல் நிகில் நாயர் தொடங்கி, பிறகு டேவ் மீல்கி முதலானோர் வளர்த்த பி.ஆர்.எல்.டி.டி.ஒய்., திரையிலுள்ள வரியைப் பிரெய்ல் கருவியின் புள்ளிகளாக மாற்றி விரலுக்குக் கொடுக்கிறது. டெபியன் நிறுவியில் யு.எஸ்.பி. பிரெய்ல் கருவியைச் செருகியிருந்தால் அது தானாகவே அடையாளம் கண்டு பேசாமல் வேலையைத் தொடங்கிவிடும். எந்த விசையையும் தட்ட வேண்டியதில்லை. பிரெய்லை நம்புவோருக்குக் குரலைவிட இது மேல்; எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் விரலில் தெளிவாகத் தெரியும். வட்டின் பெயரை ஓரெழுத்து பிசகாமல் படிக்க வேண்டிய வேலையில் அது பெரிய பலம். ஆனால் 40 எழுத்துகளைக் காட்டும் கருவியின் விலை லட்சங்களில் இருக்கிறது.

பிறகு சீரியல் போர்ட் மறைந்தது. கணினி நிறுவனங்கள் அதை ஒவ்வொன்றாக நீக்கின. பேசும் பெட்டிகள் பரணுக்குப் போயின. முன்னேற்றம் என்று உலகம் கொண்டாடிய மாற்றம் பார்வையற்ற லினக்ஸ் பயனர்களுக்குப் பின்னடைவாக வந்தது. ஒலி அட்டை வழியாக மென்பொருளே பேச வேண்டிய கட்டாயம். அதற்கு உதவியது ஈஸ்பீக். இங்கிலாந்தின் ஜோனதன் டடிங்டன் ஏக்கார்ன் கணினிக்காக 1995இல் தொடங்கிய பேச்சுமென்பொருள் அது. மிகச் சிறியது, நிறுவல் வட்டில் ஒரு மூலையில் அடங்கிவிடும். குரலில் இனிமை இல்லை என்று பலர் குறைசொல்வார்கள். அதே குரலை மூன்று மடங்கு வேகத்தில் வைத்துத் தெளிவாகக் கேட்டு வேலை செய்யும் பார்வையற்றவர்களிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

ஸ்பீக்அப்பையும் ஈஸ்பீக்கையும் இணைத்து டெபியன் நிறுவிக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு சாமுவேல் திபோவுடையது. பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பிப்பவர். டெபியனில் அணுகல்தன்மைப் பணிக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மரியோ லாங். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், சிடியிலிருந்தே நேரடியாக ஓடும் நாப்பிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர். பார்வையற்ற தன் மனைவி ஆட்ரியானேயின் பெயரால், தொடக்கம் முதலே பேசும் ஒரு பதிப்பை அதில் சேர்த்தார். புனேயில் பிறந்து, பதினான்கு வயதில் பார்வையை முழுவதும் இழந்து, மும்பை ஐ.ஐ.டி.யிலும் கார்னெலிலும் படித்த டி.வி. ராமன், 1995இல் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டுக் குரலை மட்டுமே நம்பி ஒரு முழு வேலைமேசையை அமைக்கலாம் என்று முன்பே காட்டியிருந்தார்.

இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். பலர் தாமே பார்வையற்றவர்கள்; மற்றவர்கள் பார்வையற்றவரோடு வாழ்பவர்கள், அவர்களோடு அருகிருந்து வேலை செய்பவர்கள். எந்தப் பெருநிறுவனத்தின் திட்ட அறிக்கையிலிருந்தும் இது பிறக்கவில்லை. ஸ்பீக்அப் லினக்ஸ் கெர்னலின் சோதனைப் பகுதிக்குள் நுழைந்தது 2010இல். முழு உரிமையோடு உள்ளே உட்கார 2020 ஆயிற்று. அத்தனை ஆண்டுகளும் சிலர் விடாமல் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓர்கா என்ற வரைகலை ஸ்கிரீன் ரீடரின் கதையும் இதுவே. அதை வளர்த்த சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியதும் அங்கிருந்த அணுகல்தன்மைக் குழு சிதறியது. ஜோன்மேரி டிக்ஸ் தோள்கொடுத்ததால் ஓர்கா இன்றும் ஓடுகிறது. கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்பட வேண்டிய ஒன்று இப்படி ஓரிருவர் தோளில் நிற்பது எனக்கு அச்சமூட்டுகிறது.

விண்டோஸில் விசையை எண்ணிய காலம்

விண்டோஸ் எக்ஸ்பி நிறுவலின் முதல் பாதி நீலத்திரையில் வெறும் எழுத்தாக ஓடும். உரிம ஒப்பந்தத்துக்கு எஃப் 8. பிறகு வட்டைத் தேர்ந்தெடுக்க அம்புவிசை, என்டர். இதைப் பார்வையற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள்: இத்தனை நிமிடம் காத்திரு, இந்த விசை, மறுபடி காத்திரு. வட்டு சுழலும் சத்தத்தை வைத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று ஊகித்தார்கள். பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்துவிட்டால் தவறான பகுதி அழிந்துபோகும்.

இதைவிடப் பாதுகாப்பான வழி, விடைக்கோப்பு. அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே மாதிரி விண்டோஸ் போடுவதற்காக மைக்ரோசாஃப்ட் செய்துவைத்த ஏற்பாடு அது. எல்லாக் கேள்விகளுக்கும் விடையை முன்பே ஒரு கோப்பில் எழுதி வட்டிலோ பென் டிரைவிலோ வைத்துவிட்டால், நிறுவி எதையும் கேட்காமல் தானே முடித்துக்கொள்ளும். பார்வையற்றவர்கள் இதைத் தமதாக்கிக்கொண்டார்கள். கோப்பில் ஒரு பிழை இருந்தால் மட்டும் ஆபத்து: நிறுவி ஏதோ ஒரு கேள்வியோடு திரையில் நின்றிருக்கும், அது நின்றது என்பதே வெளியே தெரியாது.

விண்டோஸ் 2000இலேயே நேரேட்டர் என்ற சொந்த ஸ்கிரீன் ரீடரை வைத்திருந்த மைக்ரோசாஃப்ட், அதை நிறுவல் சூழலுக்குள் கொண்டுவர 2017 வரை எடுத்துக்கொண்டது. இன்று விண்டோஸ் நிறுவும்போது கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஒலிச் சிப்புக்கான டிரைவர் உள்ளே இருக்கும் கணினிகளில் குரல் வரும். பழுதுநீக்கும் சூழலிலும் அப்படியே. ஆப்பிள் 2005இல் டைகர் பதிப்போடு வாய்ஸ்ஓவரை இயங்குதளத்திலேயே சேர்த்தது. வன்பொருளையும் தானே செய்வதால் ஒலிச் சிப் எதுவென்று அதற்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே மேக் கணினிகளில் மீட்புச் சூழலிலும் குரல் வந்துவிடுகிறது. ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் கையடக்கக் கணினியும் முதல்முறை எழும்போது, ஸ்கிரீன் ரீடர் வேண்டுமானால் எந்த விசைகளை அழுத்த வேண்டும் என்று தானே குரலில் சொல்கிறது.

நிறுவல் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடும் காரியமாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பழுது எப்போது வேண்டுமானாலும் வரும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு கோப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய ஒவ்வொரு கணினியாகப் பழுதுநீக்கும் சூழலுக்குள் போய் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அதற்கு முன் 48 இலக்க எண்ணையும் உள்ளிட வேண்டும். அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் பார்வையற்றவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சூழல் பேசினால் அவர்கள் அன்று மற்றவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கலாம். பேசாவிட்டால் கைகட்டி உட்கார வேண்டும். வேலைக்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்பதை அங்கே மனிதரின் திறமை தீர்மானிப்பதில்லை.

இன்னும் ஊமையாக இருக்கும் இடம்

இத்தனைக்கும் முன்னால் நிற்கும் சுவர் அப்படியே இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் யு.இ.எஃப்.ஐ. பேசாது. பென் டிரைவிலிருந்து தொடங்கு என்று சொல்ல வேண்டிய இடமே அதுதான். எஃப் 12 அழுத்தினால் வரும் பட்டியலில் எத்தனை வரிகள் இருக்கின்றன, பென் டிரைவ் எத்தனையாவது வரி என்பது கணினிக்குக் கணினி மாறும். அங்கீகாரமில்லாத மென்பொருளிலிருந்து கணினி எழுவதைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ ஏற்பாட்டை நிறுத்த வேண்டுமென்றால் இன்னும் உள்ளே போக வேண்டும். அங்கே இப்போது மவுஸால் சொடுக்கும் வண்ணப்படத் திரைகள் வந்துவிட்டன.

ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். கைபேசியின் கேமராவைத் திரைக்கு நேரே நிறுத்தி, மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ போன்ற செயலியால் எழுத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். டென்மார்க்கில் தொடங்கிய பி மை ஐஸ் செயலியில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் காணொலியில் பார்த்து, “இன்னும் இரண்டு வரி கீழே” என்கிறார். சிலர் கணினியின் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டைக் கேப்சர் கார்டு வழியாக இன்னொரு கணினிக்குக் கொண்டுவந்து, அங்கே எழுத்துணரி மென்பொருளால் வாசிக்கிறார்கள். ஒரு பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க இத்தனை ஏற்பாடு!

தொழில்நுட்பம் இல்லாமலா இந்த நிலை? நிறுவனங்கள் வாங்கும் சர்வர்களில் பயாஸ் திரையைச் சீரியல் கன்சோல் வழியே வெறும் எழுத்தாக வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதி நெடுங்காலமாக இருக்கிறது. நூறு மைல் தொலைவிலுள்ள பொறியாளருக்காகச் செய்த ஏற்பாடு அது. பார்வையற்ற நிர்வாகிகள் அதன் மூலம் தம் ஸ்கிரீன் ரீடரிலேயே சர்வரின் பயாஸைப் படித்து மாற்றுகிறார்கள். வீட்டுக் கணினிகளில் மட்டும் அது பெரும்பாலும் கிடையாது. யு.இ.எஃப்.ஐ.யில் ஒலியை இயக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. சாதாரணக் கணினிகளில் மேக் இயங்குதளத்தை ஓட்ட ஆர்வலர்கள் எழுதிய ஓப்பன்கோர் பூட்லோடர், இயங்குதளம் எழுவதற்கு முன்பே தன் பட்டியலைக் குரலில் சொல்கிறது. பொழுதுபோக்காக எழுதியவர்களால் முடிந்தது, ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கணினி விற்பவர்களால் முடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

இன்னொரு பக்கத்தில், பெற்றதே கைநழுவும் அபாயம். இயங்குதளங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் நிறுவியைப் புதிதாக எழுதுகின்றன. உபுண்டு 2023இல் அப்படிச் செய்தது. புதிய கருவிகளால் எழுதும்போது பொத்தான்கள் அழகாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஸ்கிரீன் ரீடருக்குப் புரியும் பெயர் வைத்தாக வேண்டும், டேப் விசையால் போய்ச் சேர முடிய வேண்டும். பழைய நிறுவியில் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்ததை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். பார்வையற்றவர் ஒருவர் சோதித்துப் பார்க்காமல் வெளியிடும் ஒவ்வொரு பதிப்பிலும் அவர்கள் வெளியே நிற்க நேர்கிறது.

தமிழுக்கு இடம் எங்கே?

ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. என்.வி.டி.ஏ. தமிழிலும் கிடைக்கிறது. டெபியன் நிறுவியும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. மூன்றும் இருந்தும் தமிழ்க் குரலில் டெபியனை நிறுவுவது சிக்கலாகவே இருக்கிறது. குரல்வழி நிறுவல் ஓடுவது லினக்ஸின் எழுத்துக் கன்சோலில். அந்தக் கன்சோலுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் திறன் இல்லை. தமிழில் நிறுவ வேண்டுமானால் வரைகலைத் திரைக்குத்தான் போக வேண்டும். பார்க்க முடியாதவருக்குத் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? கண்ணுக்கான தடை ஒன்று காதின் வழியையும் அடைத்து நிற்கிறது. ஆங்கிலம் நன்றாக அறிந்த பார்வையற்றவருக்குக் கிடைத்த சுதந்திரம், தமிழ்வழியில் படித்தவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இதை மாற்றக்கூடியவர்கள் தொலைவில் இல்லை. இந்தியாவின் பாஸ் லினக்ஸ், அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. அதன் அடித்தளம் டெபியன். டெபியனில் ஒரு திருத்தம் சேர்ந்தால் அது பாஸுக்கும் வரும். கன்சோலின் எழுத்துத் திறனைத் தொடாமலே, கேள்வியின் தமிழ் வாசகத்தை நேராக ஈஸ்பீக்குக்கு அனுப்பும் வழி ஒன்றை நம் கல்லூரி மாணவர்கள் எழுதிப்பார்க்கலாம். பார்வையற்ற மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டும். ‘பீப்’ ஒலியும் என்டர் உத்தியும் பிறந்தது அப்படிப்பட்ட கூட்டணியில்தான்.

சட்டத்தின் பக்கமும் காற்று மாறியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அன்றாடம் பயன்படும் மின்னணுக் கருவிகள் எல்லோருக்கும் பொருந்தும் வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, வங்கிகளின் டிஜிட்டல் அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் அணுகல்தன்மைச் சட்டம், பொதுமக்களுக்கு விற்கப்படும் கணினிகளையும் அவற்றின் இயங்குதளங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அங்கே விற்க வேண்டுமானால் உலக நிறுவனங்கள் அதற்கு இணங்கியாக வேண்டும். அதே கணினிகள்தான் இங்கேயும் விற்பனைக்கு வருகின்றன.

நம் கையில் இருக்கும் பெரிய நெம்புகோல் அரசுக் கொள்முதல். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ வழங்கப்போவதாகத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அந்த மாணவர்களில் பார்வையற்றவர்களும் உண்டு. இத்தகைய கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளியில் செயலி, நினைவகம், மின்கலம் என்று பக்கம் பக்கமாக நிபந்தனைகள் எழுதுகிறோம். அவற்றோடு மூன்று வரிகள் சேரட்டும். யு.இ.எஃப்.ஐ. பட்டியலைக் குரலிலோ, இன்னொரு கருவிக்கு எழுத்தாகவோ தர வேண்டும். மீட்புச் சூழலில் அந்தக் கணினியின் ஒலிச் சிப்புக்கான டிரைவர் இருக்க வேண்டும். கணினியை ஏற்பதற்கு முன், பார்வையற்ற ஒருவர் மானிட்டரை அணைத்துவிட்டு அதில் இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவிக் காட்ட வேண்டும்.